குழந்தைகள் அறிவியல் மாநாடு: நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய ஒரு வரலாறு

 

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் பண்ணினார். அவர் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. "டீச்சர், சேலத்துல ஒரு கடையில ரெடிமேடா மாடல் கிடைக்குதுங்க. எரிமலை வாங்கலாமா, காற்றாலை வாங்கலாமா, எதுக்கு மார்க் அதிகம் வரும்?" என்று கேட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. இன்று பல பெற்றோர் அப்படித்தான் செய்கிறார்கள். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும், நம் பள்ளியில் "மாநாட்டு குரூப்" என்று ஒன்று இருந்தது. ஐந்து பேர், ஒரு நோட்டு, ஒரு கேள்வி. தெர்மாகோல் கிடையாது, பல்பு எரியாது. ஊருக்குள் போய்க் கேட்டு, அளந்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த முறை நான் கண்டுபிடித்தது இல்லை. அதற்குப் பின்னால் நாடு முழுக்க நடந்த ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் பங்கெடுத்த பிள்ளைகள் நீங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகவாவது அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கியது

1962இல் கேரளத்தில் சில எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அறிவியலை மலையாளத்தில் எழுத வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். போகப் போக, எழுதினால் மட்டும் போதாது, மக்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள். புகை குறைவாக வரும் விறகு அடுப்பை வடிவமைத்து வீடுகளுக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான்.

அடுத்தது மத்தியப் பிரதேசம். 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் நடத்தின. அங்கே அறிவியல் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகள் நான்கு பேராக உட்கார்ந்து, கையில் கிடைக்கிற பொருளை வைத்துச் செய்து பார்த்து, தாங்களே முடிவை எழுத வேண்டும். பின்னர் அது மாவட்டம் முழுக்கப் பரவியது. அர்விந்த் குப்தா என்ற பொறியாளர் 1978இல் அங்கே போய்த்தான், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், கூம்பு, வீடு எல்லாம் செய்யக் கற்றுக்கொடுத்தார். நம் வகுப்பில் வால்வு டியூபை வெட்டி நீங்கள் செய்த முக்கோணங்கள் அங்கிருந்து வந்தவைதான். முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் அந்த மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனால் விதை அதற்குள் பல மாநிலங்களுக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மக்கள். தங்கள் வீட்டுப் பக்கத்துத் தொழிற்சாலையில் என்ன இருக்கிறது, அது கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், முகத்தில் ஈரத் துணியைக் கட்டினால் கொஞ்சமாவது பயன் உண்டா என்று கூட அந்த மக்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அறிவியல் தெரிந்தவர்கள் ஒரு பக்கமும், அதன் விளைவை அனுபவிப்பவர்கள் இன்னொரு பக்கமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாடு அன்று பார்த்தது.

அதற்குப் பிறகு 1987இல் பாரத ஜன விஞ்ஞான ஜாதா என்ற கலைப்பயணம் நடந்தது. நாட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று ஐந்து குழுக்கள் கிளம்பி, ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் போட்டுக்கொண்டு, நவம்பர் 7, சர் சி.வி. ராமன் பிறந்த நாளில் போபாலில் போய்ச் சேர்ந்தன. அதே 1987இல்தான் தமிழில் துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழும் வந்தது. நம் வகுப்பு அலமாரியில் அட்டை கிழிந்து கிழிந்து ஒட்டிய துளிர் இதழ்கள் இருக்குமே, அதுதான்.

1993: பிள்ளைகளுக்கென்று ஒரு மாநாடு

விஞ்ஞானிகளுக்கு மாநாடு இருக்கிறது; அதில் அவர்கள் தாங்கள் செய்த ஆய்வை மற்றவர்கள் முன் வாசிக்கிறார்கள், கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏன் அப்படி ஒன்று இருக்கக் கூடாது? இந்தக் கேள்வியை முதலில் செய்து பார்த்தது மத்தியப் பிரதேசத்தில் உள்ள குவாலியர் அறிவியல் மையம். அது நன்றாக நடந்ததைப் பார்த்து, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இருக்கும் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழு, 1993 முதல் அதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. அதுதான் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைத்து நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

அதன் விதிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை இருக்கிறது.

முதல் விதி, வயது 10 முதல் 17 வரை. பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சேரலாம், போகாத பிள்ளையும் சேரலாம். எஸ்டேட் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. வேறு எந்தப் பள்ளிப் போட்டியில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

இரண்டாவது, ஆய்வு உள்ளூர்ப் பிரச்சினையைப் பற்றியதாக இருக்க வேண்டும். கொட்டச்சேட்டுப் பிள்ளை செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் மாநாட்டுக்குக் கொட்டச்சேட்டு ஓடையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, தனியாக வரக் கூடாது, குழுவாக வர வேண்டும். தொடக்கத்தில் ஒரு குழுவுக்கு ஐந்து பேர் வரை அனுமதித்தார்கள்.

நான்காவது, நாட்குறிப்பு. எந்தத் தேதியில் எங்கே போனோம், யாரிடம் கேட்டோம், என்ன அளந்தோம் என்று அன்றன்றைக்கு எழுத வேண்டும். முடிவு தப்பாக வந்தாலும் அதையும் எழுத வேண்டும். அழகான சார்ட்டை விட அழுக்கான நாட்குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாவது, முடிவைச் சொல்வதோடு நிற்காமல், ஊருக்கு என்ன செய்யலாம் என்றும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படி. இரண்டு ஆண்டுக்கு ஒரு மையக் கருத்து. 2002, 2003இல் உணவும் ஊட்டமும். 2004, 2005இல் நீர்வளம். 2006, 2007இல் பல்லுயிர்ப் பெருக்கம். 2010, 2011இல் நிலவளம். 2012, 2013இல் ஆற்றல். 2014, 2015இல் வானிலையும் காலநிலையும். உங்கள் வயதைக் கணக்குப் போட்டால் நீங்கள் எந்தத் தலைப்பில் வந்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஏன் ஐந்து பேர்?

ஒரு கெட்டிக்காரப் பிள்ளை போதுமே, எதற்கு ஐந்து பேர் என்று பெற்றோர் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் லண்டன் கதை.

1854இல் லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா வந்து சில நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று அன்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீர்தான் காரணம் என்றார். இறந்தவர்களின் வீடுகளைப் பட்டியல் போட்டார். பிறகு வரைபடத்திலும் குறித்தார். பெரும்பாலான வீடுகள் பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பைச் சுற்றியே இருந்தன. செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இது பாடப்புத்தகத்தில் வரும் பாதிக் கதை.

மீதிப் பாதி இது. ஹென்றி ஒயிட்ஹெட் என்று ஓர் இளம் பாதிரியார் அந்தப் பகுதியில் இருந்தார். ஸ்நோ சொன்னதை அவர் முதலில் நம்பவே இல்லை. பொய் என்று காட்டத்தான் வீடு வீடாகப் போனார். அந்தத் தெருவில் அவரை எல்லோருக்கும் தெரியும். மருத்துவரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். கடைசியில், பம்புக்கு எதிரே 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தது, அதன் துணியை அலசிய தண்ணீர் பம்புக் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில் கொட்டப்பட்டது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். நம்பாமல் கிளம்பியவரே ஸ்நோ சொன்னதற்குச் சாட்சியானார்.

கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர், ஊரைத் தெரிந்தவர் ஒருவர். இருவரும் வேண்டியிருந்தது. "அப்படியா, நிஜமா?" என்று சந்தேகப்படுகிற ஆளும் வேண்டியிருந்தது. நம் குழுக்களில் நான் பார்த்ததும் இதேதான். கணக்கில் நூறு வாங்குகிற பெண்ணுக்கு ஊற்று எங்கே இருக்கிறதென்று தெரியாது. மாடு மேய்க்கப் போகிற பையனுக்கு மலையில் எத்தனை சுனை, எது சித்திரையில் வற்றும், எது வற்றாது என்று எல்லாம் தெரியும். ஆனால் பரீட்சையில் பாஸ் பண்ண மாட்டான். இருவரையும் ஒரே குழுவில் போட்டால், முதல் முறையாக அந்தப் பையன் முன்னால் நடப்பான், அந்தப் பெண் பின்னால் நடப்பாள். வகுப்பறைக்குள் நாற்பது நிமிடப் பாட வேளையில் இது நடக்காது. மலைப் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது என்று சொன்னவர்கள், அந்தப் பையன் நடந்து காட்டியதைப் பார்க்காதவர்கள்.

நம் ஊற்றும் நம் நோட்டும்

நம் மலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஏற்காடு ஏரியும் சேர்வராயன் கோயிலும். குப்பனூர் பாதையில் மேலே வருகிறவர்களுக்குக் காபித் தோட்டம், மிளகுக் கொடி, சில்வர் ஓக் மரம் தெரியும். மழை நன்றாகப் பெய்கிற மலை. ஆனாலும் பங்குனி, சித்திரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் அம்மாக்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

காரணம் மலையின் அமைப்பு. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறையால் ஆனது. பாறை தண்ணீரை உறிஞ்சாது. மேலே இருக்கிற மண்ணும், பாறையின் வெடிப்புகளும்தான் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே எங்காவது ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மேலே மரமும் மண்ணும் போனால், கீழே ஊற்றும் போகும்.

நீர்வளம் தலைப்பாக இருந்த ஆண்டுகளில் நம் பள்ளிக் குழு எடுத்துக்கொண்டது ஓர் ஊற்றை. கருவி என்ன? 10 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று, நொடி முள் இருக்கிற கடிகாரம் ஒன்று. பக்கெட் நிறைய எத்தனை நொடி ஆகிறது? வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், மூன்று தடவை அளந்து சராசரி எழுத வேண்டும். ஒருவர் பக்கெட் பிடிக்க, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, இரண்டு பேர் அங்கே தண்ணீர் பிடிக்க வருகிறவர்களிடம் எந்த வீடு, எத்தனை குடம் என்று கேட்க.

கணக்குப் புரிவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். மார்கழியில் 40 நொடியில் பக்கெட் நிறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். சித்திரையில் அதே பக்கெட் நிறைய 2 நிமிடம். நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு 7,200 லிட்டர். கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது அன்றைய அரசு அளவு. இன்று ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். 240 பேர் இருக்கிற ஊருக்கு 40 வீதம் 9,600 லிட்டர் வேண்டும். ஆக சித்திரையில் பற்றாக்குறை 2,400 லிட்டர். இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு.

அப்போதுதான் குழுவில் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "டீச்சர், ராத்திரி யாரும் தண்ணி பிடிக்க வர மாட்டாங்களே, அந்தத் தண்ணி எங்க போகுதுங்க?"

ஓடையில் போகிறது. 12 மணி நேரத்துத் தண்ணீர், அதாவது பாதி, 3,600 லிட்டர் வீணாக ஓடுகிறது. அப்படியென்றால் ஊருக்கு உண்மையில் கிடைப்பது 7,200 இல்லை, 3,600தான். ஊற்றை நாம் பெரிதாக்க முடியாது. ஆனால் ராத்திரித் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி கட்டினால் கிடைக்கும் தண்ணீர் இரண்டு மடங்காகும். அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பல நாள் அங்கே உட்கார்ந்து பார்த்ததால் வந்த கேள்வி.

இரண்டாவது வேலை, தண்ணீர் சுத்தமா என்று பார்ப்பது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு எளிய முறை இருக்கிறது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்டது. சின்ன பாட்டிலுக்குள் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். குறி வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், மலக் கிருமி கலந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுப்பாக மாறும். காரணம், அந்தக் கிருமிகளோடு சேர்ந்திருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது காகிதத்தில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. நம் மலைக் குளிரில் கறுக்க நேரம் கூடுதலாகும், அதனால் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஊற்று புறப்படும் இடத்தில் எடுத்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. பத்தடி கீழே, மாடுகளும் இறங்கி, துணியும் துவைக்கிற இடத்தில் எடுத்தது மைபோலக் கறுத்தது. பெரும்பாலான வீடுகள் குடம் நிரப்பியது அந்தக் கீழ் இடத்தில்தான், மேலே கால் வைக்க இடமில்லை என்பதால்.

இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாட்டிமார்களிடம் காட்டியபோது, ஒரு பக்கம் பாடம் நடத்தியிருந்தாலும் அவ்வளவு வேலை நடந்திருக்காது. "காய்ச்சிக் குடிங்க" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கேட்காதவர்கள், அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து விறகு எடுத்து வைத்தார்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகப் போதும் என்பதையும் பிள்ளைகள்தான் விளக்கினார்கள்.

பிறகு கிராம சபை. அப்போது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என ஆண்டுக்கு நான்கு முறை கூடும். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவர்கள் எழுதிய நோட்டை அம்மாக்கள் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். "தண்ணி இல்லைங்க" என்று சொன்னால் "பார்க்கலாம்" என்ற பதில் வரும். தேதி போட்டு, நொடி போட்டு, எந்த வாரம் எத்தனை லிட்டர் என்று எழுதிய நோட்டைப் பார்த்தால் "பார்க்கலாம்" என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. தொட்டி வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் ஊர்க்காரர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கி, மாட்டுக்குத் தண்ணீர் குடிக்கக் கீழே தனி இடம் ஒதுக்கி, துவைக்கிற கல்லையும் கீழே நகர்த்திப் போட்டார்கள். செலவு, டீயும் பொரியும்தான்.

அந்த ஆய்வு மாவட்டத்தைத் தாண்டவில்லை. நடுவர்களில் ஒருவர், "எல்லாம் சரி, மாடல் எங்கேம்மா?" என்று கேட்டார். பிள்ளைகள் பஸ்ஸில் திரும்பும்போது முகம் வாடித்தான் இருந்தது. மறுநாள் காலை வழக்கம்போல ஊற்றுக்கு அளக்கப் போனார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது செவிலியர். இன்னொருவர் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டி இயக்குகிறார். பெயர் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

உலகம் செய்ததும் இதுவே

இது ஏதோ ஏழை நாட்டு மலைப்பள்ளி விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஹ்யூரான் என்று ஓர் ஆறு. 1980களில் அங்கே ஒரு பள்ளி மாணவர்கள் சிலர், ஆற்றில் விளையாடிய பிறகு கல்லீரல் அழற்சி நோயால் படுத்தார்கள். பயந்து ஆற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் மாணவர்களையே ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க வைத்தார். அது 1989இல் ஒரு வலையமைப்பாகி, பல நாட்டுப் பள்ளிகள் தங்கள் ஊர் ஆற்றைச் சோதித்து ஒருவருக்கொருவர் முடிவைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்தது.

நம் நாட்டிலேயே சிக்கிம் மாநிலம் இருக்கிறது. அதுவும் மலை, அங்கும் ஊற்றுத் தண்ணீர்தான். ஊற்றுகள் வற்றத் தொடங்கியதும், 2008 முதல் தாரா விகாஸ் என்ற திட்டத்தில் ஊற்றுகளைக் கணக்கெடுத்து, மேலே எந்தச் சரிவில் விழும் மழை எந்த ஊற்றுக்கு வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சரிவில் நூறு நாள் வேலை ஆட்களை வைத்துக் குழியும் வரப்பும் வெட்டினார்கள். ஓடி வீணாகும் மழை மண்ணுக்குள் இறங்கியது, ஊற்றுகளில் தண்ணீர் கூடியது. நம் பிள்ளைகள் பக்கெட்டும் கடிகாரமும் வைத்துச் செய்த அதே அளவீடுதான் அங்கேயும் முதல் படி.

இன்றைக்கு

நம்பிக்கை தரும் செய்திகளும் இருக்கின்றன. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரை டிவியில் பார்த்திருப்பீர்கள். தெருவில் துணி தேய்க்கும் வண்டிக்காரர் கரியை எரித்துவிட்டுக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளியில் ஓடும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்த பெண். 2020இல் சுவீடன் நாட்டுக் குழந்தைகள் காலநிலைப் பரிசு. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேச்சு. எல்லோரும் அந்தப் பேச்சைப் பாராட்டினோம். நான் கவனித்தது வேறு. அவள் தொடங்கியது தன் தெருவில். அவள் யோசனையை முழு வண்டியாகச் செய்ய தேசிய புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் கை கொடுத்தார்கள். தெருவைப் பார்த்த கண்ணும் வேண்டும், சேர்ந்து செய்ய ஆட்களும் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கியது. அரசு நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கற்க, கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். நல்ல முயற்சி.

மனசுக்குச் சங்கடமானதும் உண்டு. குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலேயே ஐந்து பேர் குழுவைப் பின்னாளில் இரண்டு பேராகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் இரண்டு நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் வருவார்கள். மாடு மேய்க்கிற பையனுக்கு இடம் இருக்காது. இன்னொரு பக்கம் அறிவியல் கண்காட்சியே கடைச் சரக்காகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கடையில் வாங்கிய தெர்மாகோல் சுரைக்காய் மட்டும் உதவுமா? அதை வாங்கிக் கொடுக்கும்போது பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: காசு கொடுத்தால் விடை கிடைக்கும், ஊரைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாடம்தான் எனக்குக் கவலை. மார்க் குறைந்தால் அடுத்த பரீட்சையில் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் செய்யக் கூடியது

நீங்கள் இப்போது பெற்றோர். சிலர் பெங்களூரு, திருப்பூர், துபாய் என்று இருக்கிறீர்கள். எங்கே இருந்தாலும் இது முடியும்.

பிள்ளை புராஜெக்ட் என்று வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து நான்கைந்து பேராக உட்கார வையுங்கள். தெருவில், அபார்ட்மெண்டில், ஊரில் எது தொல்லையாக இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். நீங்கள் சொல்லாதீர்கள். அதில் அளக்கக் கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அளக்கட்டும்.

மழையை அளக்கலாம். பக்கம் நேராக இருக்கிற பாட்டிலும் ஸ்கேலும் போதும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பை நம் மாநிலம் 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டுக் குழாய் மண்ணுக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று பிள்ளைகள் பார்த்து வரட்டும்.

குப்பையை எண்ணலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கோடை விடுமுறையில் ஏற்காட்டுக்கு வரும் வண்டிகள் விட்டுப்போவதைப் பாருங்கள். நூறு மீட்டர் சாலை ஓரத்தில் ஒரு வாரத்தில் என்னென்ன விழுகிறது என்று வகைப்படுத்தி எண்ணினால், குப்பைத் தொட்டி எங்கே வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

எதைச் செய்தாலும் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். முடிவைப் பள்ளிக்குக் கொடுக்கும் முன், யாருடைய தண்ணீரை, யாருடைய தெருவை அளந்தார்களோ அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்த விவரம் அது. அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊற்று இன்னும் இருக்கிறது. தொட்டி வந்தது, குழாய் வந்தது, அதனால் அதை யாரும் இப்போது அளப்பதில்லை. நம் பழைய நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வரும் தை மாதத்திலிருந்து மறுபடி அளக்கலாம் என்று பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது ஆள் வேண்டும். பக்கெட் நான் தருகிறேன். அன்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த இருபது வருடத்தில் நம் மலை எவ்வளவு தண்ணீரை இழந்தது, அல்லது காப்பாற்றியது என்று நமக்கே தெரியும். அதை வேறு யாரும் நமக்குச் சொல்லப் போவதில்லை.

முழங்கால் வலியால் எனக்குச் சரிவில் இறங்க முடியாது. மேட்டில் உட்கார்ந்து நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கொட்டச்சேடு